இடது இருக்கையிலிருந்து வின்ச் தெரியுமா

பிலோமினாவை உயிரோடு நான் கடைசியாகப் பார்த்தபோது அவள் ஸ்கேன் அறை வாசலில் சக்கரப் படுக்கையில் படுத்துக்கொண்டு என்னைக் கேலி செய்துகொண்டிருந்தாள். "தலையைச் சொறியாதீங்க, நான் இங்கேருந்து பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றாள். நான் அப்போது சொறியவில்லை. ஒரு கையில் அவளுடைய செருப்பு, மறு கையில் மூக்குக்கண்ணாடிக் கூடு, சொறிவதற்கு மூன்றாவது கை வேண்டும். அதை நான் சொல்வதற்குள் படுக்கையைத் தள்ளுகிறவர் தோளால் கதவைத் திறந்து உள்ளே கொண்டுபோய்விட்டார். உள்ளே இருக்கும்போதே அவள் இதயம் நின்றுவிட்டது, யார் மேலும் குற்றமில்லை. ஆனால் நாற்பத்துநான்கு வருஷமாக நடந்த எங்கள் வழக்கில் கடைசி வார்த்தை அவளுடையதாகிவிட்டது. வழக்கு சின்னதுதான். மராட்டியப் பக்கத்தில் ஒரு கிளைடர் கிளப்பில் நான் வின்ச் ஓட்டிக்கொண்டிருந்தேன். கிளைடருக்கு இன்ஜின் கிடையாது. மைதானத்தின் ஒரு கோடியில் அது நிற்கும், மறு கோடியில் நான் வின்ச் லாரியில் உட்கார்ந்திருப்பேன், நடுவில் முக்கால் கிலோமீட்டருக்கும் மேலே எஃகுக் கேபிள். நான் டீசல் இன்ஜினை முடுக்கி உருளையில் கேபிளைச் சுற்றினால் கிளைடர் பட்டம் மாதிரி மேலே ஏறும். உச்சிக்குப் போனதும் மேலே இருப்பவர் மஞ்சள் குமிழை இழுத்துக் கேபிளைக் கழற்றிவிட்டுத் தன் பாட்டில் பறப்பார். பிலோமினா அங்கே பறக்கக் கற்க வந்தவள், பொன்மலை ரயில்வே குடியிருப்பிலிருந்து அப்பாவோடு மாற்றலாகி வந்த பெண். கேபிள் விழுந்து, அதை நான் சுற்றி முடித்தபின் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிவேனாம், அதை அவள் மேலிருந்து பார்ப்பாளாம். "அவ்வளவு பேர்ல நீங்க ஒருத்தர்தான் அண்ணாந்து என்னைத் தேடிக்கிட்டு இருந்தீங்க, அதான் கட்டிக்கிட்டேன்" என்பாள். முன்னூறு மீட்டர் உயரத்திலிருந்து, கிளைடரின் மூக்கு மறைக்கும்போது, வின்ச் எப்படித் தெரியும், யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்பேன் நான். "நீங்க ஏறிப் பார்த்தீங்களா" என்பாள். அதோடு என் கட்சி முடிந்துவிடும். பதினோராயிரம் தடவைக்கு மேல் மற்றவர்களை மேலே அனுப்பியிருக்கிறேன், நான் ஒரு தடவைகூட ஏறியதில்லை. பயம்தான். வெளியே சொன்ன காரணம் வேறு, நான் ஏறினால் என்னை யார் இழுப்பது என்று. எல்லாரும் சிரிப்பார்கள், அது போதும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை, மணி பத்து, எதிர்வீட்டில் கறி வதங்கும் வாசனை, மேசைமேல் மடிக்கணினி, அதில் ஒரு நீலக் கோடு மெதுவாக வலது பக்கம் வளர்ந்துகொண்டிருக்கிறது. மூன்று மாதமாகத் தேடியது அந்தக் கோட்டுக்குள் வந்துகொண்டிருக்கிறது. மருமகன் புதிது வாங்கிக்கொண்டு எனக்குக் கொடுத்த பழைய கணினி இது. அதில் விமானம் ஓட்டும் சிமுலேட்டரைப் போட்டுக்கொடுத்து, "பொழுது போகும் மாமா" என்றார். பொழுது எனக்கு எப்போதும் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதில் கிளைடரும் உண்டு என்று தெரிந்த அன்று சட்டென்று அந்த வழக்கு ஞாபகம் வந்தது, ஏறாமலே ஏறிப் பார்க்க ஒரு வழி, விழுந்தாலும் நாற்காலியில்தான் விழுவேன். சிமுலேட்டரோடு வந்த கிளைடர் வெள்ளை வெளேரென்று, பல்லி வயிறு மாதிரி வழவழப்பாக, உள்ளே மல்லாந்து படுத்துக்கொண்டு ஓட்ட வேண்டியது. அதிலிருந்து பார்த்தால் வானமும் முழங்காலும்தான் தெரிகின்றன. அது சாட்சிக்கு ஆகாது. பிலோமினா ஓட்டியது மரச்சட்டத்தில் துணி போர்த்திய பழைய வண்டி, மேலே மூடி கிடையாது, இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள், அதனால் கிளப்பில் அதற்கு சோஃபா என்று பெயர். கற்பவருக்கு இடது இருக்கை, கற்றுக்கொடுக்கும் சித்னிஸ் சாருக்கு வலது இருக்கை, தனியாகப் பறக்கும் தகுதி வந்தபின் வலது இருக்கை காலி. சோஃபா வேண்டும், அதை இழுக்க வின்ச்சும் வேண்டும். இரண்டையும் சிமுலேட்டருக்கென்று யாராவது எங்கேயாவது செய்து வைத்திருப்பார்கள், உலகத்தில் என்னைப் போல வேலையற்றவர்கள் ஏராளம். ஆனால் சோஃபாவின் உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. அதன் வாலில் எழுதியிருந்த அந்நிய எழுத்துகளை இருபத்தாறு வருஷம் பார்த்தும் ஒருநாள் வாய்விட்டுப் படித்ததில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன், ஆங்கிலம்கூட வின்ச்சின் கையேட்டைப் பார்த்துத்தான் கற்றேன், அதனால் இன்றைக்கும் எனக்கு மசகு எண்ணெய், கிளட்ச், எச்சரிக்கை ஆகியவற்றைப் பற்றிய ஆங்கிலம்தான் சரளமாக வரும். பெயர் தெரியாததை, கிளப்பில் எடுத்த பழைய புகைப்படம் ஒன்றை வைத்துத் தேடினேன். இறக்கைக்கு முட்டுக்கொடுக்கும் சட்டம் ஒரு பக்கத்துக்கு ஒன்றா இரண்டா, சக்கரம் இருக்கைக்கு முன்னாலா பின்னாலா, இதை வைத்து ஒன்றொன்றாகக் கழித்தேன். ஒரு இணையதளம் திறக்கவே இல்லை. ஒரு தளம் என் பிறந்த தேதியைக் கேட்டது, கொடுத்தபின் மூடப்பட்டது என்றது. ஒரு ஜிப் கோப்பைத் திறந்தால் உள்ளே கிளைடர் இல்லை, அதற்கு அடிக்கிற பெயின்ட் மட்டும் இருந்தது. சட்டை இல்லாமல் பொத்தான் வந்த மாதிரி. வின்ச் என்று ஒன்று கிடைத்தது, அது புதிய சிமுலேட்டருக்கு, என்னுடையது பழையது. விமானத்தைக் கட்டி இழுக்கும் கயிறு ஒன்று கிடைத்தது, அது எனக்கு வேண்டாம், விமானம் இழுத்துப் போவதை நாங்கள் கிளப்பில் மதித்ததே இல்லை, அது பணக்காரர்கள் பல்லக்கில் போவது.

கடைசியில் ஓலவி கிடைத்தார். பின்லாந்துக்காரர், எண்பத்தோரு வயது, பழைய கிளைடர்களை மட்டும் சிமுலேட்டருக்குச் செய்கிறவர், இருபது வருஷத்துக்கு முன்னால் செய்ததைப் பேரப்பிள்ளையின் பழைய கணினியில் போட்டு வைத்திருந்தார். நான் அனுப்பிய படத்தைப் பார்த்து ஒரு வரி எழுதினார், இது வின்ச்சோடு என்னிடம் இருக்கிறது, உமக்கு எதற்கு என்று. இடது இருக்கையில் உட்கார்ந்தால் வின்ச் தெரியுமா என்று பார்க்க வேண்டும் என்று எழுதினேன். நல்ல காரணம் என்று பதில் வந்தது, அவ்வளவுதான், பின்லாந்துக்காரர்கள் இப்படித்தான் பேசுவார்கள் போலிருக்கிறது, எனக்குப் பிடித்துவிட்டது. நீலக் கோடு பாதியைத் தாண்டியது. இந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது கேபிளைப் பார்த்துக்கொண்டிருப்பது மாதிரியே இருக்கிறது, தளர்ந்து கிடக்கும் கேபிள் புல்லில் மெல்ல நெளிந்து நேராகும், நேரான அந்தக் கணம் மறுமுனையில் உயிருள்ள ஒரு ஆள் இருக்கிறார் என்று கேபிள் நம் உள்ளங்காலுக்குச் சொல்லும். கனமான ஆளா, லேசான ஆளா என்று பார்க்காமலே சொல்வேன். பிலோமினா லேசு. அவளை இழுக்கும்போது இன்ஜின் வேகக் கைப்பிடியை ஒரு விரல்கடை குறைவாகத் திறப்பேன். கூடத் திறந்தால் கிளைடர் துள்ளும், கேபிள் அறும். மற்றவர்களுக்கும் பார்த்துத்தான் திறப்பேன், ஆனால் அவளுக்குத் திறக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன், அதை அவளிடம் நான் சொன்னதே இல்லை, ஏன் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் வழக்கில் எனக்கு ஒரு புள்ளி கூடியிருக்கும், நீ மேலே இருந்து பார்த்ததாகச் சொல்கிறாய், நான் கீழே இருந்து எடை பார்த்தேன் என்று. போன் அடித்தது. மகள் அனிட்டா, சென்னையிலிருந்து. "அப்பா, சாப்பிட்டீங்களா?" "மணி பத்தரைதானே ஆகுது." "அப்ப இன்னும் அந்த பிளேன்தானா?" "பிளேன் இல்ல, கிளைடர்." "இன்ஜின் இல்லாத பிளேன், தெரியும், அம்மா ஆயிரம் தடவை சொல்லியாச்சு. கிடைச்சுதா இல்லையா?" "வந்துக்கிட்டிருக்கு. எழுபது சதவீதம்." "யாரோ அனுப்பினாங்கன்னு எதையும் திறக்காதீங்கப்பா, வைரஸ் இருக்கும்." "யாரோ இல்ல, ஓலவி." "அவரை நேர்ல பார்த்திருக்கீங்களா?" "உன் புருஷனைக் கல்யாணத்துக்கு முன்னாடி நீ எத்தனை தடவை நேர்ல பார்த்தே?" "ரெண்டு தடவை." "அதுக்கு இவர் தேவலை, பதினாறு மெயில் போட்டிருக்கார்." அவள் சிரித்தாள், சிரிக்கும்போது அம்மாவைப் போலக் கடைசியில் ஒரு சின்ன இருமல். பிறகு கொஞ்சம் குரல் இறங்கி, "சரிப்பா, தெரியலன்னா என்ன பண்ணுவீங்க?" என்றாள். "எது?" "அங்கேருந்து பார்த்தா வின்ச் தெரியலன்னா. அம்மா சொன்னது பொய்னு ஆயிடுமே." "ஆகட்டுமே." "ஆகட்டும்னு சொல்றவர் மூணு மாசமா தேடுவாரா?" குக்கரில் சாதம் வைக்க வேண்டும் என்று சொல்லி போனை வைத்தேன். சாதம் காலையிலேயே வைத்தாயிற்று.

அனிட்டா சரியான இடத்தில்தான் கையை வைத்தாள். தெரியவில்லை என்றால். அவ்வளவு பேரில் என்னைப் பார்த்ததாகச் சொன்னது ஒரு மரியாதைக்கு என்றால். பட்டப்படிப்பு படித்த பெண், ரயில்வே கார்டின் மகள், டீசல் நாற்றம் பிடித்த ஒருவனைக் கட்டிக்கொண்டதற்கு ஏதோ ஒரு காரணம் சொல்ல வேண்டும் என்று சொல்லி, சொன்னதையே பிறகு காப்பாற்றிக்கொண்டு வந்திருந்தால். அப்படியே இருந்தாலும் என்ன, நாற்பத்துநான்கு வருஷம் ஒரு பொய்யை ஒரே மாதிரி சொல்வதும் ஒரு வகை அன்புதான், ஆனால் அது வேறு அன்பு, எனக்கு அவள் நிஜமாகவே பார்த்திருக்க வேண்டும். கோடு முழுதாகிவிட்டது. கோப்பைத் திறந்து, சோஃபாவை அதன் இடத்திலும் வின்ச்சை அதன் இடத்திலும் வைத்து, சிமுலேட்டரைத் தொடங்கி, எங்கள் மைதானத்தைத் தேர்ந்தெடுத்தேன். திரை கறுத்து, பிறகு திறந்தது. இடது இருக்கை. எதிரே உயரமும் வேகமும் காட்டும் மூன்றே மூன்று மீட்டர்கள், வட்ட முகத்தோடு. ஓலவி துணியின் தையலைக்கூட விடவில்லை. வலது பக்கம் காலி இருக்கையில் பட்டை வார்களைக் குறுக்காக மடித்து வைத்திருக்கிறார், தனியாகப் பறக்கும்போது வார் காற்றில் அடிக்கக் கூடாது என்று அப்படித்தான் மடிப்பார்கள், பின்லாந்தில் ஒருவருக்கு இது தெரிந்திருக்கிறது. தூரத்தில் புல்வெளியின் கோடியில் ஒரு புள்ளி, அதுதான் வின்ச் லாரி. அங்கே நான் இருக்க வேண்டும். கேபிள் நீளத்தைச் சிமுலேட்டர் எழுநூற்றைம்பது மீட்டருக்கு மேல் எடுக்கவில்லை, சரி என்று அதையே கொடுத்தேன். விசைப்பலகையில் டபிள்யூவை அழுத்தினால் வின்ச் இழுக்கும் என்று ஓலவி எழுதியிருந்தார். அழுத்தினேன்.

புல் ஓடியது, நான் அதோடு ஓடினேன், உடனே புல் கீழே போய்விட்டது. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன், பிறகு சிரித்துக்கொண்டேன். மூக்கு மேலே, வானம் மட்டும், மீட்டர் முள் நூறு, நூற்றைம்பது, ஓலவி வின்ச்சுக்கு டீசல் சத்தம் கொடுத்திருக்கிறார், தூரத்திலிருந்து வருகிற சத்தம், ஆமாம் மேலே இருப்பவருக்கு அப்படித்தான் கேட்டிருக்கும், எனக்குத்தான் காதுக்குள் கேட்டது. இருநூற்றைம்பது, கேபிள் செங்குத்தாக வரப்போகிறது, சத்தம் தணிந்தது, இழுத்தவன் வேகத்தைக் குறைத்துவிட்டான், சரியான நேரத்தில் குறைத்தான், நல்ல வின்ச்காரன். நான் கையைத் தளர்த்தி உட்கார்ந்து, கேபிள் விழுவதற்காகக் காத்திருந்தேன். விழவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன், மூன்றுக்குமேல் மேலே இருப்பவர் கழற்றவில்லை என்றால் குமிழ் சிக்கிக்கொண்டது என்று பொருள், அப்போது வின்ச்காரன் தன் இடது பக்கத்தில் இருக்கும் வெட்டுக்கத்தியின் பிடியை அடித்துக் கேபிளை அறுத்துவிட வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் ஒரே ஒரு தடவை அடித்திருக்கிறேன். இப்போது இடது கை தானாகப் போய் அடித்தது. அங்கே ஸ்டூலின் மேல் காபி டம்ளர் இருந்தது. டம்ளர் உருண்டு சுவர்வரை போய் நிற்பதற்கும், கேபிளோடு கட்டுண்ட சோஃபா மூக்கைக் கவிழ்த்து வின்ச் லாரிக்கு முன்னால் போய் விழுவதற்கும் சரியாக இருந்தது. விபத்து என்று திரையில் சிவப்பாக எழுதியது. மேலே இருப்பவர் ஏன் கழற்றவில்லை என்று எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. பிறகுதான் மேலே இருந்தது யார் என்று உறைத்தது. தனியாக இருந்து அவ்வளவு நேரம் சிரித்தது அதுதான் முதல் தடவை, பக்கத்து வீட்டுக்காரர் சன்னல் வழியாக, "என்ன சார், நல்ல படமா?" என்றார். "நான் நடிச்சது" என்றேன்.

காபியைத் துடைத்துவிட்டு இரண்டாம் தடவை ஏறினேன். இந்தத் தடவை உச்சியில் கேபிளைக் கழற்றும் ஆர் எழுத்தை அழுத்தினேன், டக் என்று ஒரு சத்தம், கிளைடர் லேசாகத் துள்ளியது, பிறகு சத்தமே இல்லை, காற்று மட்டும். முன்னூற்றுப் பத்து மீட்டர். இதற்குத்தான் அவள் ஞாயிறு காலை பூசைக்குக்கூடப் போகாமல் வந்தாளா என்று நினைத்தேன், ஆமாம் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. எதற்கு வந்தோம் என்பது ஞாபகம் வந்து பார்வையைக் கீழே சாய்த்தேன். மூக்கு. மூக்குக்கு அப்பால் வயல். வின்ச் இல்லை, நான் சொன்னது போலவே மூக்குக்கு அடியில் போய்விட்டது. அதைத் தாண்டி ஐந்து எண்ணும்வரை நேராகப் போய் வலது பக்கம் திரும்பினேன், எங்கள் மைதானத்தில் வலது பக்கம்தான் திரும்ப வேண்டும், இடது பக்கம் பட்டாளத்தின் துப்பாக்கிப் பயிற்சி நடக்கும், எல்லாரும் வலது பக்கம் திரும்புவதைப் பார்த்துப் பார்த்துக் கைக்கே பழக்கமாகிவிட்டது. வலது இறக்கை தாழ்ந்தது. அந்தப் பக்கம் பார்த்தால் காலி இருக்கை, மடித்த வார், அதற்கப்பால் பலகை விளிம்பு, அது முடிந்தால் தூரத்து மலை. வின்ச் அந்த விளிம்புக்குக் கீழே எங்கேயோ இருக்கிறது. எழுந்து எட்டிப் பார்த்தால் தெரியலாம், கிளைடரில் எழுந்திருக்க முடியாது. ஒரு முழு வட்டம் போட்டேன். தெரியவில்லை. எப்படியோ தரையில் இறக்கினேன், சக்கரம் மூன்று தடவை குதித்தது. அப்ப நான் ஜெயித்துவிட்டேன். எதிர்வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. ஜெயித்தவன் இப்படியா உட்கார்ந்திருப்பான், இனி யாரிடம் போய்ச் சொல்வது, பார்த்தாயா நான் சொன்னேனே என்று, சுவரில் இருக்கிற படத்திடமா, படத்தில் அவள் கேமராவைக்கூடப் பார்க்கவில்லை, அனிட்டாவின் காது கம்மலைச் சரிசெய்துகொண்டு இடது பக்கம் பார்க்கிறாள். இடது பக்கம்.

இடது பக்கம் என்றதும் சித்னிஸ் சாரின் குரல் கேட்டது, கிளப்பின் தகரக் கூரைக்குக் கீழே, எல்லார் முன்னாலும். "மிஸ் பிலோமினா, இது உங்க வலது கை. இது இடது கை. சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ராணுவத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்திருக்கு, ஒரு கிளைடர் மட்டும் எங்க தலைக்கு மேல வட்டம் போடுதுன்னு." அவள் தலையைக் குனிந்துகொண்டு, "சாரி சார், குழம்பிடுது சார்" என்றாள். அடுத்த வாரமும் அதே தப்பு. சார் அவள் வலது மணிக்கட்டில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டார், ரிப்பன் இருக்கும் பக்கம் திரும்பு என்று. ரிப்பனோடும் இடது பக்கமே திரும்பினாள். இரண்டு வாரம் பறக்கத் தடை. நான் கேபிளைச் சுற்றி முடித்துவிட்டு, எல்லாரையும் தேடும் வலது பக்கத்து வானத்தில் அவளைத் தேடுவேன், இருக்க மாட்டாள், தொப்பியைக் கழற்றிவிட்டு எங்கே போய்த் தொலைந்தாள் என்று. படித்த பெண்ணுக்கு வலது இடது தெரியவில்லையே என்று நானும்தான் பரிதாபப்பட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு முப்பது வருஷம் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து எனக்கு வழி சொன்னவள் அவள். தெரியாத ஊர்களில்கூட. ஒரு தடவையாவது தப்பாகச் சொன்னாளா. ஒரு தடவைகூட இல்லை, அதை நான் ஒரு நாளும் யோசித்ததில்லை, அவள் போனபிறகுதானா யோசிப்பது. டபிள்யூவை அழுத்தினேன். புல், வானம், முன்னூறு, ஆர். வின்ச்சைத் தாண்டி நேராக, ஒன்று இரண்டு மூன்று நான்கு ஐந்து. இடது பக்கம் சாய்த்தேன். இடது இறக்கை தாழ்ந்தது, என் தோளுக்கும் இறக்கைக்கும் நடுவில் பூமி முழுக்கத் திறந்துகொண்டது, மறைக்க எதுவும் இல்லை, இருக்கையும் இல்லை, விளிம்பு என் முழங்கைக்குக் கீழே. புல்வெளி, புல்வெளியில் கேபிள் தேய்த்த கோடு, கோட்டின் முனையில் லாரி, லாரிக்குப் பக்கத்தில் ஓலவி நிறுத்தி வைத்த ஒரு மனிதன், எறும்புக்கும் சின்னதாக. ஆள் என்று தெரிகிறது. அண்ணாந்து பார்க்கிறானா, தலையில் கை இருக்கிறதா என்று இந்தத் திரையில் சொல்ல முடியாது, அவள் கண் நல்ல கண். நான் ஒரு வட்டம் போட்டேன், இன்னொன்று போட்டேன். வட்டத்தின் நடுவிலேயே அவன் நின்றான். நீ சொன்னது சரி பிலோ என்று சத்தமாகவே சொன்னேன், திட்டு வாங்கிக்கொண்டே பார்த்திருக்கிறாய், அதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே தோற்றிருப்பேனே, ஏன் சொல்லவில்லை. மூச்சை அடக்கியதை நான் ஏன் சொல்லவில்லையோ, அதனால்தான் இருக்கும். உயரம் குறைந்துகொண்டே வந்தது, இறங்க மனமில்லாமல் இறங்கினேன், இந்தத் தடவை சக்கரம் ஒரு தடவைதான் குதித்தது.

அனிட்டாவுக்கு போன் செய்து, "தெரியுது" என்றேன். "எது? நீங்களா?" "நான்தான்." "அப்ப சாப்பிடுங்க" என்றாள். சாப்பிடும் முன் ஓலவிக்கு நன்றி எழுத உட்கார்ந்தேன். வண்டியின் பெயரைச் சரியாக எழுத வேண்டுமே என்று அவர் கோப்போடு அனுப்பியிருந்த குறிப்பைத் திறந்து படித்தேன். அந்த வகைக் கிளைடரை மொத்தம் இருபத்திரண்டு கட்டியிருக்கிறார்கள். பசை விட்டும், கறையான் அரித்தும், ஒரு கொட்டகைத் தீயிலும் எல்லாம் போய்விட்டன. இப்போது இருப்பது ஓலவியின் பேரப்பிள்ளை கணினியில் ஒன்று, என்னுடையதில் ஒன்று, ஒவ்வொன்றும் முப்பத்தெட்டு எம்.பி.